சூதானமா போயிட்டு வா!

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. பொய் சொல்லக் கூடாது. இன்னிக்குக் காலைல ரெண்டு தோசையை உள்ள தள்ளிட்டு காலேஜுக்கு ஓடி வந்தீங்களே... அந்தத் தோசையைத் தட்டுல எடுத்து வெச்சது யாரு? 'அம்மா'ன்னு சொல்றவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. அடேங்கப்பா, இம்புட்டுக் கையா! 'நாங்க சாப்பிடவே இல்லை'ன்னு கடைசி பெஞ்சுல ஹாஸ்டல் மக்கள் முனகுறதும் காதுல விழுது.

இருபது வயசுலயும் நமக்கு எடுத்து வைக்க ஒரு ஆள் வேணும். ஆனா ஆறு வயசுப் பையன் ஒருத்தன் தன் காலை டிபனைத் தானே எடுத்துச் சாப்பிட்டதை நான் பாத்தேன். அதுவும் எங்கே? நடுக்கடல்ல!

கதைக்கு வர்றேன். நான் திண்டுக்கல் பொண்ணு. ஊர் பேரைச் சொன்னதும் 'பூட்டா, பிரியாணியா?'ன்னு கேக்காத ஆளே கிடையாது. எங்க ஊருக்கும் கப்பலுக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். மலைக்கோட்டை மேல ஏறி நின்னு பாத்தா ஒரு பக்கம் சிறுமலை, மத்த பக்கமெல்லாம் வீடும் வெயிலும். கடல்னா எனக்கு ஸ்கூல் டூர்ல ராமேஸ்வரத்துல கால் நனைச்சதோட சரி.

அப்படிப்பட்ட நான் 2022 ஆகஸ்ட்ல சொகுசுக் கப்பல்ல போனேன். அந்த வருஷம் ஜூன் 4-ம் தேதி மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்துல கொடியசைச்சு அனுப்பி வெச்சாரே, 'கார்டெலியா' கப்பல்... அதேதான். 1990-ல பிரான்ஸ்ல கட்டினது. ஒரு தெருவையே நிமித்தி வெச்ச மாதிரி அடுக்கடுக்கா நிக்கும். டிக்கெட் நான் எடுத்தேன்னு நினைச்சுடாதீங்க! சென்னைல இருக்கிற சித்தி குடும்பம் கிளம்பினாங்க. எட்டு வயசுல ஒரு பொண்ணு, ஆறு வயசுல ஒரு பையன். ரெண்டு வாலுகளையும் மேய்க்க ஒரு ஆள் வேணும். காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் படிச்ச நான் வைகை எக்ஸ்பிரஸ்ல ஏறி ஆஜர்!

ரெண்டாம் நாள் காலைல ஏழு மணி. சித்தியும் சித்தப்பாவும் நல்ல தூக்கம். வாலுங்க ரெண்டும் என் போர்வையை இழுக்குது. 'அக்கா, பசிக்குது!' சித்தி கண்ணைத் திறக்காமலே, 'பத்து நிமிஷம் இருங்கடா, வந்து ஊட்டி விடுறேன்'னாங்க. சித்தியோட பத்து நிமிஷம்னா நம்ம கணக்குல ஒரு மணி நேரம். அப்பத்தான் பெரியவ கேட்டா:

'நாங்களே போய் எடுத்துச் சாப்பிடுறோமே, ப்ளீஸ்!'

சித்திக்குத் தூக்கம் போயே போச்சு! 'தொலைஞ்சு போயிடுவீங்க, கொட்டிடுவீங்க, கடல்ல எட்டிப் பாப்பீங்க'ன்னு லிஸ்ட் போட்டாங்க. நான்தான் வக்கீலா மாறினேன். 'நான் பின்னாடியே போறேன் சித்தி. கூட இல்ல, பின்னாடி.'

போற வழியில மூணு சட்டம் போட்டேன். ஒண்ணு, தட்டைத் தொடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும். (இது சும்மா இல்ல பாஸ். நூத்துக்கணக்கான பேர் ஒரே கரண்டியைப் பிடிக்கிற இடம். கப்பல்ல ஒருத்தருக்கு வாந்தி பேதி வந்தா மளமளன்னு பரவும். அதைப் பரப்புற நோரோ வைரஸுக்கு சானிடைஸரை விட சோப்புத் தண்ணிதான் சரியான மருந்து!) ரெண்டு, ஆவி பறக்கிற எதையும் தொடக் கூடாது, பரிமாறுற அங்கிள்கிட்ட கேக்கணும். மூணு, வழி தெரியலைன்னா தேடி அலையாம அங்கேயே நிக்கணும், ரூம் நம்பரைச் சொல்லணும். ரெண்டும் நம்பரை திருக்குறள் மாதிரி ஒப்பிச்சுக் காட்டிடுச்சு.

நான் நாலு டேபிள் தள்ளிப் போய் உக்காந்தேன்.

அடுத்த பத்து நிமிஷம் இருக்கே... செம சினிமா! சின்னவன் தட்டுல முதல்ல ஏறினது மூணு டோனட். அதுக்கு மேல ஒரு இட்லி. இட்லிக்கு மேல ஒரு தர்பூசணித் துண்டு. அக்காகாரி முறைக்கவும், ஒரு டோனட்டைத் திருப்பிப் பாத்திரத்துல வைக்கப் போனான். 'எடுத்ததை வைக்கக் கூடாதுடா, என் தட்டுல போடு'ன்னு அவ மிரட்டுறா. யாரும் சொல்லிக் குடுக்காத சட்டம்! பூரியை இடுக்கியில பிடிக்கத் தெரியாம ரெண்டு தடவை தவற விட்டா. மூணாவது தடவை பிடிச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பை நூத்துக்கு நூறு வாங்குறப்பகூட அவ சிரிச்சிருக்க மாட்டா.

அப்புறம் சின்னவன் சாம்பார் பக்கம் போனான்.

பெரிய பாத்திரம். நீளமான கரண்டி. தரை லேசா ஆடுது. அவன் கழுத்து உசரத்துல ஆவி பறக்குது. எனக்கு இங்க நெஞ்சு படபடன்னு அடிக்குது. எழுந்து மூணு எட்டு வெச்சுட்டேன். அதுக்குள்ள அவன் நின்னு, அண்ணாந்து பாத்து, 'அங்கிள், சாம்பார் சூடு. நீங்க ஊத்துங்க'ன்னான்.

அவ்வளவுதான். எனக்குப் பொலபொலன்னு கண்ணீர். பக்கத்து டேபிள் ஆன்ட்டி, 'என்னம்மா, உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு என்னத்தச் சொல்ல? உங்களுக்குச் சொல்றேன்.

2012. எனக்கு எட்டு வயசு, தம்பிக்கு அஞ்சு. அதே எட்டு, கிட்டத்தட்ட அதே ஆறு. அம்மா பூ வியாபாரம். விடியக்காலை நாலு மணிக்குப் பூ மார்க்கெட்ல நின்னாத்தான் நல்ல மல்லி கிடைக்கும். வாங்கி, கட்டி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் வித்து முடிச்சு வீட்டுக்கு வர பத்து மணி ஆகிடும். அப்பா லாரி டிரைவர். வாரத்துல நாலு நாள் எந்த ஊர்ல இருக்கார்னே தெரியாது. அம்மா அலமாரித் தட்டுல சில்லறை வெச்சுட்டுப் போவாங்க. நான் எழுந்து, தம்பியை எழுப்பி, தூக்குவாளியை எடுத்துட்டு, தெருமுனை இட்லிக்கடைப் பாட்டிகிட்டப் போகணும். எட்டு இட்லி. வாளி நிறைய சாம்பார். 'சூதானமா போ தாயி'ன்னு பாட்டி தினமும் சொல்லும்.

ஒரு நாள் வாளி மூடி சரியா உக்காரலை. தம்பி என் பாவாடையைப் பிடிச்சுட்டு வர்றான். பின்னாடி ஒரு சைக்கிள் மணி. நான் சட்டுன்னு திரும்பினேன். சாம்பார் அவன் வலது கால்ல!

அவன் கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. ஓடி வந்தவங்க டூத் பேஸ்ட்டைத் தடவினாங்க. ஒருத்தர் இங்க் ஊத்தச் சொன்னார். எதையும் தடவாம, உடனே பச்சைத் தண்ணியை இருபது நிமிஷம் விடாம ஊத்தணும்னு காலேஜுக்கு வந்தப்புறம் என்.எஸ்.எஸ். முதலுதவி கேம்ப்லதான் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அன்னிக்கு அது அந்தத் தெருவுல யாருக்கும் தெரியலை. அம்மா வந்து பாத்தாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டலை. அடிச்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். ரெண்டு நாள் மார்க்கெட்டுக்குப் போகலை. மூணாம் நாள் போய்த்தான் ஆகணும். அலமாரித் தட்டுல மறுபடியும் சில்லறை.

இப்பப் புரியுதா? கப்பல் சாம்பாரும் இட்லிக்கடைப் பாட்டி சாம்பாரும் ஒரே சூடுதான். எட்டு வயசுக் கையும் ஒரே கைதான். சித்தி பிள்ளைங்களுக்கு அது அட்வென்ச்சர். எங்களுக்கு அது பொழைப்பு. ஒரே வித்தியாசம், நாலு டேபிள் தள்ளி ஒருத்தி உக்காந்திருந்தா. 'நீயே எடுத்துச் சாப்பிடு'ன்னு பிள்ளையை விடுறது வேற. விட்டுட்டுப் போறது வேற.

இந்த 'நீயே செய்' விஷயத்தை உலகத்துக்குச் சொன்னவங்கள்ல பெரிய ஆள் மரியா மாண்டிசோரி. இத்தாலிக்கார டாக்டர். 1907 ஜனவரி 6-ம் தேதி ரோம் நகரத்துல அவங்க முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினது பணக்காரப் பிள்ளைங்களுக்கு இல்ல ஃப்ரெண்ட்ஸ். அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட, பகலெல்லாம் தனியா சுத்தின ஏழைத் தொழிலாளிகளோட பிள்ளைங்களுக்கு! அங்க வாண்டுகளே சாப்பாட்டு மேஜையைத் தயார் பண்ணும், பரிமாறும். உடையுற பீங்கான் தட்டையும் கண்ணாடி டம்ளரையுமே நம்பிக் கையில குடுத்தாங்க. டீச்சர் வேலை? ஓரமா நின்னு பாக்குறது! இன்னொரு ஆச்சர்யம், இந்த அம்மா 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போர் சமயத்துல ரெண்டு வருஷம் போல தங்கினது எங்க திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல்ல. பஸ் ஏறினா எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருந்த சங்கதி எனக்கு பத்தொன்பது வயசுலதான் தெரிஞ்சுது.

ஜப்பான்ல 1991-லேர்ந்து டி.வி.யில வர்ற ஒரு ஷோ இருக்கு. 2022-ல நெட்ஃப்ளிக்ஸ்லயும் வந்துச்சு. ரெண்டு, மூணு வயசுப் பொடிசுங்களைத் தனியா கடைக்கு அனுப்புவாங்க. அதுங்க அழுதுக்கிட்டே போயி, மறந்துட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் போயி வாங்கிட்டு வரும். பாக்கச் சிரிப்பா இருக்கும். ஆனா வழி நெடுக வழிப்போக்கர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு கேமரா ஆளுங்க கூடவே நடக்குறாங்க. அங்கேயும் அதே ரகசியம்தான். பிள்ளை கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜோடிக் கண்ணு!

ஊருக்குத் திரும்பி வந்து அம்மாகிட்ட கப்பல் கதையைச் சொன்னேன். நீச்சல் குளம், டான்ஸ், பஃபே எல்லாத்துக்கும் 'ம்' கொட்டிக்கிட்டே பூ கட்டினாங்க. சாம்பார் கதையில மட்டும் நார் நின்னுடுச்சு.

'நீ எங்க நின்ன?'

'நாலு டேபிள் தள்ளிம்மா.'

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா, 'எனக்கு அப்படி நிக்க நேரமில்லாமப் போச்சுடி'ன்னாங்க.

பத்து வருஷமா அந்தத் தழும்பு என் தப்புன்னு நான் நினைச்சுட்டிருந்தேன். அம்மா அது தன் தப்புன்னு நினைச்சுட்டிருந்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்ல. 'ஏய், அழுகைப் பார்ட்டிங்களா! இது தழும்பே இல்ல, இந்தியா மேப்பு. இந்தா பாரு, இலங்கைகூட இருக்கு'ன்னு தம்பி காலை நீட்டினான். மூணு பேரும் சிரிச்சோம்.

அடுத்த சில வாரத்துல, 2022 செப்டம்பர் 15-ம் தேதி, அரசு தொடக்கப் பள்ளிகள்ல காலை உணவுத் திட்டத்தை மதுரையில தொடங்கினாங்க. முதல் கட்டமா 1,545 பள்ளிகள், ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைங்க. 2023 ஆகஸ்ட் 25-லேர்ந்து மாநிலம் முழுக்க உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துச்சு. எங்க தெருவுல ரெண்டாம் கிளாஸ் படிச்ச ஒரு வாண்டு. அவ அம்மாவுக்கு நூல் மில்லுல காலை ஷிஃப்ட். ஒரு நாள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். தட்டைக் கழுவிட்டு வரிசையில வந்து, கிச்சடியை வாங்கி, 'சாம்பார் கொஞ்சமா'ன்னு கெத்தா ஆர்டர் போட்டுச்சு! கரண்டி பரிமாறுற அக்கா கையில. தட்டு பிள்ளை கையில. என் கப்பல் சட்டம் ரெண்டாவது அப்படியே அங்க இருந்துச்சு. டிக்கெட் காசு இல்லாம!

'இது பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா...'ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க. தம்பி காலைப் பாத்துட்டு முடிக்கலை.

சரி மக்களே, அட்வைஸ் இல்லாம கட்டுரை முடிஞ்சா நல்லாவா இருக்கும்? ரெண்டே ரெண்டு. வீட்டுல தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளைங்கன்னு ஏதாவது ஒரு வாண்டு இருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல அது கையில ஒரு தட்டைக் குடுங்க. தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடட்டும். சட்னி சிந்தும், சிந்தட்டும். சூடானதை மட்டும் நீங்க ஊத்துங்க. நாலடி தள்ளி நில்லுங்க. முக்கியமா, செல்போனைப் பாக்கெட்ல போட்டுட்டு நில்லுங்க. நிக்க நேரமில்லாத அம்மாக்கள் எத்தனையோ பேர் இருக்காங்க. நமக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்குதே!

ரெண்டாவது, உங்க வீட்டுல எல்லாருக்கும் எடுத்து வைக்கிறவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுறாங்கன்னு ஒரு நாள் கவனிச்சுப் பாருங்க. எங்கம்மா முதல் வாய் வைக்கிறது பத்தரை மணிக்குன்னு எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சுது.

இப்ப நான் பி.ஜி. படிக்கிறேன். ஹாஸ்டல் வாசம். லீவுக்கு ஊருக்குப் போனா மூணரை மணிக்கு அலாரம் வெச்சு எழுந்துடுவேன். சூடா ஒரு காபி, ஒரு டப்பால நாலு இட்லி. மூடி சரியா உக்காந்திருக்கான்னு ரெண்டு தடவை அமுக்கிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். அம்மா பூக்கூடையைத் தூக்கிட்டு இருட்டுல இறங்குவாங்க. தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்லயே நிப்பேன்.

'சூதானமா போயிட்டு வாம்மா!'