செல்போனில் வருதா?

வைஃபை வரவில்லை என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, “செல்போனில் வருதா?” என்றுதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. செல்போனில் வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வராவிட்டால் முதலில் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். இரண்டிலும் வராவிட்டால் கம்ப்யூட்டரை நோண்டுவது வீண். ஆனால் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வைஃபை செத்துக் கிடக்கும், போன் பாட்டுக்கு சிம் வழியாகப் படம் காட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் சத்தியம் பண்ணுவார், “போனில் நல்லா வருது சார்” என்று.

ஓய்வு பெறும்வரை தொலைபேசித் துறையில் லைன் பழுது பார்த்தவன் நான். அந்த வேலையில் படிந்த பழக்கம் இது. சந்தாதாரர் 198-க்குப் புகார் சொல்வார். எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் டெஸ்க்கில் இருப்பவர் லைனை அளந்து பார்த்து ‘எர்த்’, ‘ஷார்ட்’ என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட மாட்டோம். வழியில் போஸ்ட் மேல் இருக்கும் டி.பி. பெட்டியில் வீட்டுப் பக்கத்து வயரைக் கழற்றிவிட்டு, எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் டயல் டோன் கேட்கிறதா என்று பார்ப்போம். கேட்டால் எக்ஸ்சேஞ்ச், தரைக்கடியில் ஓடும் கேபிள், தெருமுனைப் பில்லர் எல்லாம் ஒரே அடியில் நிரபராதி. மிச்சம் டி.பி.யிலிருந்து வீடு வரைக்கும்தான். பழுது எங்கே இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சும் ஒரு முழத்தில் அது தானாக மாட்டிக்கொள்ளும்.

வயர் இல்லாத வைஃபையிலும் இப்படி நடுவில் ஏறிப் பார்க்க வழி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புச் சன்னலைத் திறந்து ‘ஐ.பி.கான்ஃபிக்’ என்று அடித்தால், வயர்லெஸ் கார்டின் பெயருக்குக் கீழே ஐ.பி. முகவரி வரும். அது 169.254 என்று தொடங்கினால், கார்டு ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல், தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 192.168 என்று இருந்தால் பெரும்பாலும் ரவுட்டர் கொடுத்த முகவரிதான். அதற்குக் கீழே ‘டிஃபால்ட் கேட்வே’ என்று இருக்கும் எண்தான் ரவுட்டர். அதை ‘பிங்’ பண்ணிப் பதில் ஒழுங்காக வந்தால், கார்டைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. இவ்வளவும் சரியாக இருந்து, எந்த வலைத்தளத்துக்குப் போனாலும் ‘பாதுகாப்பில்லாத இணைப்பு’ என்று பிரௌசர் பயமுறுத்தினால், மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் மேல் சி.ஆர்.2032 என்று வட்டமாக ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். வலைத்தளங்களின் சான்றிதழ்களைத் தேதியை வைத்துத்தான் பிரௌசர் சரிபார்க்கிறது. இந்தப் பேட்டரிக் கோளாறை வைஃபை கோளாறு என்று நினைத்து மாதக் கணக்கில் அல்லாடுகிறவர்கள் உண்டு.

இதில் எதுவும் கஷ்டமில்லை. ஆனால், ‘இன்னும் தெரியவில்லை’ என்ற நிலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க மனம் இடம் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், கெட்டிக்காரன். நெட் நின்றால் ரவுட்டரை ரீசெட் பண்ணுவான், டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவான், ஆன்டிவைரஸைத் தூக்குவான், நெட்வொர்க் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் துடைப்பான். எல்லாம் ஒரே மூச்சில்.

“சரியாப் போச்சு தாத்தா!”

“எதுல சரியாச்சு?”

“அது தெரியாது. வருதுல்லா, அப்புறம் என்ன?”

“அடுத்த வாரம் திரும்ப நின்னா எங்கேருந்துல ஆரம்பிப்ப?”

அதற்கு அவனிடம் பதில் இல்லை. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதை, கிழித்த காலண்டர் தாளின் முதுகிலாவது எழுதி வைக்க வேண்டும். பலன் இல்லாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டு விவகாரங்களிலும் நாம் இந்தப் பையனைப் போலத்தான் நடக்கிறோம். மகனுக்கு மார்க் குறைந்தால் அதே மாதத்தில் டியூஷனை மாற்றுகிறோம், போனைப் பிடுங்குகிறோம், கிரிக்கெட்டை நிறுத்துகிறோம், கோயிலுக்கும் வேண்டிக்கொள்கிறோம். மார்க் ஏறினாலும் காரணம் தெரியாது, இறங்கினாலும் தெரியாது. நிறுத்தியிருக்கவே வேண்டாத கிரிக்கெட் மட்டும் நின்று போயிருக்கும்.

‘கடைசியாக எது மாறியது?’ என்பதும் நல்ல கேள்விதான். ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது. கடைசியாக வந்தது சந்தேகத்துக்குரியது, அவ்வளவுதான்; அதுவே குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புது ரவுட்டர் வைத்த வாரத்திலிருந்து டெஸ்க்டாப்பில் வைஃபை விட்டுவிட்டு வந்தது. வீடே ரவுட்டரைத் திட்டியது. போய்ப் பார்த்தேன். சி.பி.யு.வின் பின்பக்கம் நகம் அளவு யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள். அதை ஒட்டினாற்போல், நீல நிறத் துளையில், போட்டோக்களைச் சேமிக்க வாங்கிய ஒரு ஹார்ட் டிஸ்க். யு.எஸ்.பி. 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மின்னிரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கைக் கழற்றியதும் வைஃபை நிமிர்ந்தது, மாட்டியதும் படுத்தது. திரும்பவும் கழற்றி மாட்டிக் காட்டிய பிறகுதான் அவர்கள் நம்பினார்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளை முன்பக்கம் மேஜை மேல் கொண்டுவந்து வைத்ததோடு தீர்ந்தது. சி.பி.யு.வின் தகரப் பெட்டிக்குப் பின்னால், சுவரை ஒட்டி டாங்கிளைச் செருகுவதே தப்பு. அலையைத் தகரமும் மறைக்கும், சுவரும் மறைக்கும். ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

மென்பொருள் பக்கத்தில் பார்க்க வேண்டியவை சில்லறைதான். ஏரோப்ளேன் மோடு ஆனில் இருக்கிறதா, லேப்டாப்பின் எஃப்.என். விசையோடு வேறு விசையில் கைபட்டு வைஃபை அணைந்ததா, டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு மட்டும் அறுந்தால், அதே இடத்தில் பவர் மேனேஜ்மென்ட்டில் ‘மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம்’ என்ற டிக்கை எடுங்கள். டிரைவரைப் புதுப்பித்த பிறகு வந்த கோளாறென்றால் ‘ரோல் பேக்’ பண்ணலாம். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று கேட்பார்கள். போனை யு.எஸ்.பி. வயரில் செருகி டெதரிங் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசாக அணைவதில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி, டிரைவர்கள் உட்பட உள்ளே இருக்கும் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அங்கிருந்தே எழும். கார்டின் டிரைவர் மயங்கிக் கிடந்தால் அதே மயக்கத்தோடு எழுந்திருக்கும். ‘நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கொடுக்க வேண்டியது ரீஸ்டார்ட். அதில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாக வந்து, அடுத்த அறைக்குப் போனால் அறவே செத்துவிடும் லேப்டாப்பில் நான் பார்க்கும் இடம் வேறு. சமீபத்தில் கீபோர்டோ ஸ்கிரீனோ மாற்றினார்களா என்று கேட்பேன். ஆமாம் என்றால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்மூடியைத் திறப்பேன். புது லேப்டாப்களில் வயர்லெஸ் கார்டு என்பது பெரிய தபால்தலை அளவு, 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம், ஒரே ஒரு திருகில் நிற்பது. அதன் ஓரத்தில் கடுகு மாதிரி இரண்டு பொன்னிற வட்டங்கள். அவற்றின் மேல் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் கவிழ்ந்திருக்க வேண்டும். அந்த வயர்கள் பல மாடல்களில் கீல் வழியாக ஏறி ஸ்கிரீனின் விளிம்புக்குப் போகின்றன. ஆன்டெனா இருப்பது அங்கே. சர்வீஸ் பார்த்தவர் அவசரத்தில் ஒன்றை மாட்டாமல் விட்டிருப்பார், அல்லது அரைகுறையாக வைத்திருப்பார். வட்டத்துக்கு நேரே வைத்து, சாயாமல், கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். பலத்தைக் காட்டினால் வட்டம் நசுங்கும், பிறகு கார்டையே மாற்ற வேண்டும். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கு அது ஆனதல்ல. கை நடுக்கம் இருப்பதால் இப்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து இடத்தைக் காட்டுவதோடு சரி, அழுத்துவது பையன்தான்.

அக்கம்பக்கத்து வைஃபை பெயரெல்லாம் வரிசையாகத் தெரிந்து, நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் கார்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்குக் காது கேட்கிறது, ரவுட்டர் பேசும் இடம்தான் எட்டவில்லை. விலை குறைந்த பழைய கார்டுகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்தவை. ரவுட்டர் 5-இல் மட்டும் ஒலிபரப்பினால் அவற்றுக்கு அந்தப் பெயரே தெரியாது. 2.4-இலும் சேனல் 12, 13-ஐச் சில கார்டுகள் கவனிப்பதில்லை. ரவுட்டரில் 2.4-ஐத் திறந்து, சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றில் நிறுத்தினால் தெரியத் தொடங்கும். பெயர் தெரிந்தும் சேர மறுத்தால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.3 வந்தது 2018-இல். அதற்கு முந்தைய கார்டுகள் பலவற்றுக்கு டபிள்யூ.பி.ஏ.2-தான் தெரியும். இளையவர்கள் இங்கே பொறுமை இழந்து “புதுசு வாங்கிடலாம்” என்பார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் புதுசை மட்டும் மனதில் வைத்து ரவுட்டரை அமைத்துவிட்டு, பழையதைக் கெட்டுப்போனது என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

கார்டு நிஜமாகவே போயிருந்தால், லேப்டாப்புக்குச் சில நூறு ரூபாய் டாங்கிள் ஒன்று போதும். உள்ளேயே புது கார்டு போட நினைத்தால், சில பழைய மாடல்கள் தயாரித்தவர் அனுமதித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். மேஜையை விட்டு நகராத டெஸ்க்டாப் என்றால் என் யோசனை வேறு. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை சுவரோரமாக இழுத்து க்ளிப் அடித்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். வாடகை வீடென்றால் ஆணி அடிக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.