காரைக்கால் பேயாரும் பரங்கிக்காய் விளக்கும்

ஐப்பசியில் நம் இல்லங்கள் தீபாவளிக்கு ஆயத்தமாகும் அதே நாட்களில், அமெரிக்காவில் வீட்டு வாயில்கள் வேறொரு கோலம் பூணுகின்றன. படிகளில் ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய்கள். மரக்கிளைகளில் வெள்ளைத் துணிப் பேய்கள். புல்தரையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள். அக்டோபர் 31ஆம் தேதி மாலையில் குழந்தைகள் வேடமணிந்து வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கி வருவார்கள். ஹாலோவீன் என்று அதற்குப் பெயர். மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ சென்றிருக்கும் நம் பெரியோர் இக்காட்சியைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டிப் பழகிய கண்களுக்கு அங்கே எலும்புக்கூடு தொங்குவது எவ்வாறு பொறுக்கும்?

ஆயினும் அவ்வழக்கத்தின் வேர் அத்தனை அந்நியமானதன்று. பண்டைய அயர்லாந்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவை ஒரு திருநாளாகக் கொண்டாடினர். அன்று இறந்தோர் தம் இல்லம் நாடி வருவர் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர் கிறிஸ்தவ சமயம் நவம்பர் 1ஆம் தேதியைப் புனிதர் அனைவருக்கும், 2ஆம் தேதியை இறந்தோர் ஆன்மாக்களுக்கும் உரியதாக்கியது. புனிதர் திருநாளுக்கு முந்தைய மாலை என்பதே ஹாலோவீன் என்னும் சொல்லின் பொருள். டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைக்கும் பழக்கம் அயர்லாந்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தால் பெருந்திரளாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அம்மக்களின் வழக்கம், அங்கே எளிதில் கிடைத்த பரங்கிக்காய்க்கு மாறியது. மகாளய பட்சத்தில் முன்னோரை நினைப்பவர்களும், பூசணிக்காயில் அரக்க முகம் எழுதித் திருஷ்டிக்காக வாயிலில் கட்டுபவர்களும் இதைக் கண்டு பெரிதும் திகைக்க வேண்டியதில்லை.

2024ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குச் சென்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு அந்த நாள் ஒரு சோதனையாகவே வாய்த்தது. எட்டு வயதுப் பேத்தி தன் தோழர் பத்துப் பேரை அன்று மாலை வீட்டுக்கு அழைக்க விரும்பினாள். தான் பேயாக வேடமிடப்போவதாகவும் அறிவித்தாள்.

“லட்சுமி வரும் நாளில், விளக்கேற்றும் வேளையில், பேய் வேடமா?” என்று பாட்டி கேட்டுவிட்டார்.

குழந்தை அழவில்லை. “சரி, யாரையும் அழைக்கவில்லை. பாட்டிக்குப் பிடிக்காது என்று பள்ளியில் சொல்லிவிடுகிறேன்” என்று கூறித் தன் அறைக்குச் சென்றுவிட்டாள். மருமகள் ஒன்றும் பேசாமல் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு பாட்டிக்கு உறக்கம் வரவில்லை. இன்னும் சில வாரங்களில் அவர் ஊர் திரும்பிவிடுவார். பிறகு பேத்தியின் நினைவில் எது நிற்கும்? பூஜை அறை என்றால் ஆசைப்பட்டதைத் தடுத்த இடம் என்றல்லவா அவள் மனத்தில் பதிந்துவிடும்? நான்கு வயதுப் பேரனின் நிலை வேறு. எதிர்வீட்டு எலும்புக்கூட்டைக் கண்டு அஞ்சி, ஒரு வாரமாக அவன் விளக்கை அணைக்க விடுவதில்லை. ஒரு குழந்தைக்குப் பேய் வேண்டும். மற்றொரு குழந்தைக்குப் பேய் கூடாது. இருவருக்கும் பொருந்தும் பேய் ஒன்று உண்டா என்று எண்ணியபோதுதான், நவராத்திரி முடிந்து பெட்டியில் வைத்த கொலுப் பொம்மைகள் அவர் நினைவுக்கு வந்தன. அறுபத்துமூவர் வரிசையில், எலும்பும் தோலுமாய் அமர்ந்து தாளமிடும் அம்மையார்!

மறுநாள் காலை, “அம்மா, விருந்துக்கு என்னென்ன வேண்டும்? நானும் உதவுகிறேன்” என்று மருமகளிடம் கேட்டார். “உங்களுக்குச் சம்மதமா அத்தை?” என்றாள் அவள். “எனக்குக் கால் மணி நேரம் கதை சொல்ல இடம் கொடுத்தால் போதும்” என்றார் பாட்டி.

அதன்பின் வேலை விரைந்து நடந்தது. பாட்டி கடலை உருண்டை பிடிக்க எண்ணினார். வேர்க்கடலை சில குழந்தைகளின் உடலுக்கு ஆகாது, உயிருக்கே ஆபத்தாகும் என்று மருமகள் விளக்கினாள். வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒவ்வாத உணவுகளைக் கேட்டுப் பட்டியல் எழுதினார்கள். கடையில் விற்கும் மிட்டாய்களில் பல, விலங்குகளிடமிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் கலந்தவை; ஆகவே உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தே வாங்கினார்கள். பரங்கிக்காயில் குழந்தைகள் முகம் வரைய, மகன் கத்தியால் செதுக்கினான். விதைகளை வீணாக்காமல் பாட்டி உப்பிட்டு வறுத்தார். வேடத் துணியில் தீப்பற்றாதிருக்கப் பரங்கிக்காய்க்குள் பேட்டரி விளக்கு வைக்கப்பட்டது; அகல் விளக்குகள் பூஜை அறையில் மட்டும். முகமூடி பார்வையை மறைக்கும் என்பதால் முகத்தில் வண்ணம் தீட்டுவதென்றும், தடுக்கி விழாதபடி வெள்ளைத் துணியைக் கணுக்காலுக்கு மேல் வெட்டித் தைப்பதென்றும் முடிவாயிற்று.

தீபாவளி விடியலில் எண்ணெய் நீராட்டும் புத்தாடையும் பூஜையும் குறைவின்றி நடந்தன. மாலையில் பிள்ளைகள் வந்தனர். பாட்டி பேசப் பேச, மருமகள் ஆங்கிலத்தில் சொன்னாள். காரைக்காலில் புனிதவதி என்ற பெண். அவள் பக்திக்கு இறைவன் அளித்த மாங்கனி. அது கண்டு அஞ்சி விலகிய கணவன். இனி இவ்வழகு எனக்கு எதற்கு என்று தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றது. ஈசன் உறையும் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றது. தாயும் தந்தையும் இல்லாத சிவபெருமான் அவரை ‘அம்மையே’ என்று அழைத்தது. திருவாலங்காட்டில் அவன் ஆட, அடிக்கீழிருந்து அவர் பாடியது. எல்லாம் சொல்லி முடித்ததும், பிள்ளைகள் கம்பளத்தின்மீது தலைகீழாக நடக்க முயன்று உருண்டு விழுந்தனர். சிறுவன் மட்டும் பொம்மையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். “இந்தப் பேய் யாரையும் பயமுறுத்தாதா?” என்று கேட்டான். “இது சாமிக்கே அம்மா. உன்னை ஏன் பயமுறுத்தப் போகிறது?” என்றார் பாட்டி.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்த வரலாறு இது. பூதகணங்கள் சூழ ஆடுபவன் நம் ஈசன். அக்கணங்களுக்குத் தலைவர் என்பதாலேயே கணபதிக்கு அப்பெயர். அழகற்றதையும் அஞ்சத்தக்கதையும் தன் அருகிலேயே அமர்த்திக்கொண்ட தெய்வம் அது. அத்தெய்வத்தை வணங்குபவர்கள் ஒரு துணிப் பேயைக் கண்டு பேரக் குழந்தைகளோடு பிணங்குவானேன்?

அயல்நாட்டில் வளரும் குழந்தைகளுக்கு இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிட்டும் என்று பெரியவர்கள் சொன்னால், அவர்கள் பெரும்பாலும் பள்ளித் தோழர்கள் இருக்கும் உலகத்தையே தேர்வார்கள். குழந்தைகளின் வேலையில் கைகொடுத்து, நம்மிடம் உள்ள செல்வத்தையும் அங்கே எடுத்து வைப்பவர் சொல்லே அவர்கள் செவியில் ஏறும். ஆனித் திங்களில் காரைக்காலில் மாங்கனித் திருவிழாவைத் தரிசிப்போர், ஐப்பசியில் கடல் கடந்து செல்ல நேர்ந்தால், அம்மையாரின் கதையைப் பேரப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லட்டும். இறைவனுக்கே தாயான அந்த அம்மை, அக்குழந்தைகளுக்கும் துணை நிற்பார்.