வாத்துச் சூளையின் பின்கட்டு

பெய்ஜிங் நகரத்துப் பெரிய உணவகங்களில் விருந்துண்ண அமர்வோர் காணும் காட்சிகளுள் மிகவும் பிரசித்தி பெற்றது, உயர்ந்த வெள்ளைத் தொப்பியும் கையுறையும் அணிந்த ஒரு மனிதர் சிறு வண்டியொன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, செம்பழுப்பு நிறத்தில் பளபளக்கும் முழு வாத்து ஒன்றை விருந்தினரின் கண்ணெதிரே மெல்லிய துண்டங்களாகச் சீவித் தட்டில் அடுக்கும் காட்சிதான். பிரயாணிகள் கைபேசியை உயர்த்திப் படம் பிடிப்பதும் அந்தச் சில நிமிஷங்களையே. ஊர் திரும்பி நண்பர்களிடம் வருணிப்பதும் அவற்றையே. அந்த வித்தையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும், மேசைக்கு வருவதற்கு முன்னால் அந்த வாத்து எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பதை ஒரு பிற்பகல் முழுவதும் சமையற்கூடத்தின் பின்கட்டில் நின்று பார்த்த பிறகு, இந்தத் தொழிலில் புகழ் பங்கிடப்படும் முறை நியாயமானதன்று என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதியாயிற்று.

அந்தச் சந்தர்ப்பத்தை எனக்கு வாங்கித் தந்தவர் என் நண்பரான ஒரு சீனப் பெரியவர். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-ஆம் ஆண்டு தொடங்கியதென்பதைப் பழைய நேயர்கள் அறிவார்கள். அதில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர் அவர். தமிழ்நாட்டில் நாம் மறந்துவிட்ட தமிழை அவர் பேசுகிறார். “நீர் அருந்துகிறீர்களா, ஐயா?” என்று அவர் கேட்கும்போது, நம் வாயில் வரும் ‘தண்ணி’யை நினைத்துச் சற்றே கூச்சமாக இருக்கும். உணவகத்தின் நிர்வாகிகளுக்கு அவர் பழக்கமானவராதலால், சமையற்கூடத்தின் கதவு எங்களுக்குத் தடையின்றித் திறந்தது.

வாத்தை வாட்டுவதில் பெய்ஜிங்கில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. பழையது மூடிய சூளை. உள்ளே சோளத்தட்டையை எரித்து, செங்கற் சுவர்கள் நன்றாகக் காய்ந்த பின்னர் நெருப்பை அவித்துவிட்டு, வாத்துக்களை வைத்துக் கதவைச் சாத்தி, சுவர் உமிழும் வெப்பத்திலேயே அவற்றை வேகவிடுவார்கள். மிங் வமிசத்து யொங்லெ பேரரசரின் காலத்தில், 1416-இல், தோன்றியதாகத் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் பியன்யிஃபாங் என்னும் உணவகம் இம்முறையைப் போற்றி வருகிறது. மற்றது கதவே இல்லாத தொங்கு சூளை. எரிகிற தழலுக்கு அருகில் வாத்துக்களைக் கொக்கியில் மாட்டி வாட்டும் இம்முறை, கோழியும் வாத்தும் விற்றுவந்த யாங் சுவான்ரென் என்பவர் சியன்மன் பகுதியில் 1864-இல் நிறுவிய சுவான்ஜூதே என்ற உணவகத்தின் வாயிலாக உலகப் புகழ் அடைந்தது. எது உயர்ந்தது என்று கேட்டால் பெய்ஜிங்வாசிகள் பொழுது சாயும்வரை வாதாடுவார்கள். அரசாங்கம் 2008-இல் இரண்டையும் தேசியக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்து, வழக்கில் தலையிடாமல் தப்பித்துக்கொண்டது. நான் சென்ற இடத்தில் இருந்தது தொங்கு சூளை.

எங்களை முதலில் அழைத்துச் சென்றது சூளைக்கன்று. அதற்கும் பின்னால், குளிர்ந்த நீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஈரத் தரையுள்ள ஓர் அறைக்கு. பல உணவகங்கள் இங்கே நடக்கும் வேலையை ஊருக்கு வெளியிலுள்ள கூடங்களில் முடித்து வரவழைத்துக்கொள்கின்றன. இங்கே அது இன்னும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. இறகு நீக்கிய வாத்தின் கழுத்தருகில் சிறு துளையிட்டு, அதில் குழாயைச் செருகிக் காற்றைச் செலுத்துகிறார்கள். தோலுக்கும் அதன் அடியிலுள்ள கொழுப்புக்கும் இடையே அந்தக் காற்று புகுந்து, மார்பிலிருந்து தொடைவரை மெல்லப் பரவி, சற்று முன்பு தொய்ந்து கிடந்த உடலைத் திரண்டு பருக்கச் செய்கிறது. முற்காலத்தில் இதை வாயாலேயே ஊதினார்கள் என்று அங்கிருந்த மூத்த தொழிலாளி சொன்னார். இப்போது இயந்திரம் ஊதினாலும், எங்கே நிறுத்துவது என்பதை விரல்தான் அறிய வேண்டும்: குறைந்தால் தோல் சுருங்கிப் போகும், மிஞ்சினால் கிழியும், கிழிந்த வாத்து விருந்துக்கு உதவாது. ஊதிய பின் மார்பை அழுத்திப் பிடிக்கலாகாது. பிடித்த இடத்தில் விரல் பதிந்து, அந்தத் தழும்பு சூளையிலிருந்து வெளிவந்த பின்னும் மாறாது. ஆகவே கழுத்தையும் இறக்கையையும் காலையும் மட்டும் தொட்டு அவர்கள் வேலை செய்யும் லாகவத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடலை எடுப்பதற்கும் வயிற்றைப் பிளப்பதில்லை. இறக்கையின் அடியில் சிறிதே கீறி, விரல்களை நுழைத்து, கண்ணால் பாராமலே உள்ளுறுப்புக்கள் யாவற்றையும் வெளியே கொணர்கிறார்கள். வயிற்றைக் கிழித்தால் ஊதிய காற்றும் தங்காது, பிறகு நிரப்பப்போகும் நீரும் தங்காது. கீறிய வழியாகவே சோளத்தட்டைத் துண்டு ஒன்றை உள்ளே நிறுத்தி, மார்பு அமுங்காதபடி முட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு கொக்கியில் தொங்கவிட்டு அகப்பையால் கொதிநீரை மொண்டு வார்க்க, தோல் சட்டென்று இறுகி வழவழப்பாகிறது. அதன்மேல் மாவுப்பாகு என்னும் தானியச் சர்க்கரைப் பாகை நீரில் கரைத்துப் பூசுகிறார்கள். சூளையில் ஏறப்போகும் செந்நிறத்துக்கு ஆதாரம் இந்தப் பூச்சுத்தான்.

இத்தனைக்கும் பின்னர் வருவது, பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும் கட்டம். விசிறிகள் சுழலும் குளிர்ந்த அறையில் வாத்துக்கள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டு, ஒரு பகலும் இரவும் அளவுக்குக் காய்கின்றன. ஈரம் போகாத வடகத்தை எண்ணெயில் இட்டால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். இங்கும் விஷயம் அதுவே. தோலில் ஈரம் தங்கியிருந்தால் தழலின் சக்தியெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகி, தோல் மொறுமொறுப்பாவதற்குள் இறைச்சி வெந்து வறண்டுவிடும். காற்று உள்ளே புகுந்து தோலைப் பிரித்து வைத்ததும் இதற்காகத்தான். பிரிந்த தோலின் அடியிலிருந்து கொழுப்பு உருகி வெளியேற வழி கிடைக்கிறது. குளிரூட்டும் அறை இல்லாத நாட்களில், பெய்ஜிங்கின் புழுக்கமான கோடையில் வாத்து சுவைக்காது என்று கருதி, வறண்ட காற்று வீசும் இலையுதிர் காலத்துக்காகக் காத்திருப்பார்களாம். நெருப்பின் பெயரால் புகழ் பெற்ற பதார்த்தம் ஒன்று, உண்மையில் பாதிக்குமேல் காற்றினால் ஆக்கப்படுகிறது என்பதை அந்த அறையில்தான் நான் அறிந்தேன்.

அங்கே வேலை செய்தவர்களுள் ஒருவர் மிக இளையவர். பக்கத்து மாகாணத்திலிருந்து வந்தவர். எந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை என்று நண்பர் மூலம் கேட்டேன். “வாத்துச் சீவும் வேலை, ஐயா. அங்கே நின்றால் என்னை நாலு பேர் பார்ப்பார்கள்” என்று தயங்காமல் விடை வந்தது. உடனிருந்த மூத்தவர் சிரித்தார். அவர் சிரிப்பில் சந்தோஷம் அதிகம் இல்லை.

சூளைக்காரரை எல்லாரும் ஷிஃபு என்று மரியாதையாக அழைத்தார்கள். அவர் சூளையிலிட்டவை இலந்தை, பேரி, பீச் முதலிய பழமரக் கட்டைகள்; புகை குறைந்து, நின்று எரிந்து, மெல்லிய வாசனையையும் தருகிற கட்டைகள். (சீனத்து இலந்தை நம் ஊர் இலந்தைக்கு நெருங்கிய சுற்றமே, ஆனால் அதன் பழத்தைத் தின்றவர்கள் நம்முடையதை மறந்துவிடுவார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.) வாத்தைச் சூளையில் ஏற்றுமுன் அதன் அடித்துளையைத் தட்டையால் அடைத்து, இறக்கையின் கீழுள்ள கீறல் வழியே கொதிநீரை ஊற்றுகிறார். புறத்தே தழல் வாட்ட, அகத்தே நீர் கொதித்து அவிக்க, தோல் காய்ந்தும் இறைச்சி நெகிழ்ந்தும் ஒரே சமயத்தில் பதமாகின்றன. ஆளுயரத்துக்கு மேற்பட்ட நீண்ட கழியொன்றால் கொக்கியை இலேசாக உயர்த்தி, வாத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பி, வெளிறிய தொடைப்பகுதியைத் தழலின்மேல் ஒருமுறை ஊஞ்சலாட்டிப் பழைய இடத்திலேயே மாட்டிவிடும் அவருடைய சாமர்த்தியம் விவரிக்கத் தரமன்று. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, கடிகாரத்தை அவர் பார்த்ததாக நினைவில்லை. நிறத்தைப் பார்த்தார்; கழியில் எடுத்து, கனம் குறைந்ததா என்று கையால் உணர்ந்தார்; இறக்கியபின் உள்ளிருந்து வடிந்த நீரைப் பார்த்தார். அது சிவந்திருந்தால் வேக்காடு போதாது, பால்போல் வெளுத்திருந்தால் மிஞ்சிவிட்டது என்பது அவருடைய சாஸ்திரம். மின்சாரச் சூளைகள் வந்துவிட்ட இக்காலத்தில் இந்தச் சாஸ்திரத்துக்குச் சீடர்கள் குறைந்து வருகிறார்கள். “தழலுக்கு முன்னால் கோடையில் நிற்க யாருக்கு மனம் வரும்?” என்று ஷிஃபு கேட்டதை நண்பர் மொழிபெயர்த்தார்.

மாலையில், மேல்மாடியில் தனியறை ஒன்றில் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்தோம். கதவை நோக்கிய இருக்கை முதன்மை விருந்தினருக்கு உரியது. என்னை அங்கே இருத்திவிட்டு நண்பர் பதார்த்தங்களைத் தேர்ந்தெடுத்தார். எலும்பு நீக்கிய வாத்துப் பாதத்தைக் கடுகுக் காரத்தில் ஊறவைத்தது முதலில் வந்தது. மூக்கின் வழியே கண்ணீரை வரவழைத்தது. வாத்தின் இதயங்களைக் கடுந்தீயில் வதக்கிய பதார்த்தம் அடுத்து வந்தது. வாத்தில் வீணாகும் பாகம் எதுவுமே இல்லை என்பதில் இவர்களுக்கு ஒரு பெருமை.

வண்டி வந்தது. சீவுபவர் மார்புத் தோலிலிருந்து தொடங்கினார். நூற்றெட்டுத் துண்டம் என்பது சம்பிரதாயக் கணக்கு, நான் எண்ணவில்லை. முதலில் சீவிய தோலை வெண்சர்க்கரையில் தொட்டு உண்ண வேண்டும் என்றார் நண்பர். இந்த யோசனை எனக்கு அருவருப்பாகத் தோன்றியது. வாயிலிட்டதும் தோல் நொறுங்கி, கொழுப்பு உருகி, சர்க்கரையின் கரகரப்பு மட்டும் ஒரு கணம் எஞ்சி நின்றபோது, யோசித்தவரை மனத்துக்குள் வாழ்த்தினேன். பிறகு காகிதம் போன்ற கோதுமை அடை. வெங்காயத் தண்டினால் இனிப்பு மாவுக்குழம்பை அதன்மேல் தடவி, துண்டங்களையும் வெள்ளரியையும் வைத்துச் சுருட்டித் தின்பது. இரண்டு உருண்டைகளின் நடுவே எண்ணெய் தடவிச் சேர்த்துத் தேய்த்து, வாட்டியபின் பிரித்தெடுப்பதனால்தான் அடைக்கு அந்த மென்மை வருகிறது. எலும்புகள் திரும்பிச் சென்று, வெண்மையான சாறாக மறுபடியும் வந்தன.

1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் இரகசியமாகப் பெய்ஜிங்குக்கு வந்து சீனப் பிரதமர் சூ என்லாயுடன் பேசிக்கொண்டிருந்தபோது வாக்குவாதம் கடுமையாகவே, வாத்து ஆறிவிடும் என்று சொல்லிச் சூ என்லாய் எல்லாரையும் உணவுக்கு எழுப்பினாராம். இராஜதந்திரம் ஒருபுறமிருக்க, சமையல் விஷயமாகவும் அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்தத் தோலுக்கு ஆயுள் சில நிமிஷங்களே.

ஒரு விஷயத்தை மறைப்பதற்கில்லை. இந்தச் சுவைக்குக் காரணமான கொழுப்பு, வாத்தின் தொண்டையில் குழாய் செலுத்தித் தீனியைத் திணித்து வளர்க்கும் பழைய முறையால் வந்தது. அதை நினைத்தால் சாப்பாடு சுகமாக இறங்காது. கொழுப்புக் குறைந்த வாத்தைப் பிரசித்தப்படுத்திய புதிய உணவகங்கள் இப்போது இருக்கின்றன என்பது ஆறுதல். இன்னொரு விசித்திரமும் உண்டு: பெய்ஜிங் வாத்து 1873-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மேனாடுகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது; அந்த வழியில் இங்கிலாந்தில் வளர்ந்த செர்ரி வேலி என்னும் இனம் சீனச் சந்தைக்கே திரும்பி வந்து இடம் பிடித்துக்கொண்டது. 2017-இல் அந்த ஆங்கில நிறுவனத்தையே சீன நிறுவனங்கள் விலைக்கு வாங்கிவிட்டன.

பெய்ஜிங் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய உணவகமானால் முன்னதாகவே இடம் சொல்லி வையுங்கள். கண்ணாடித் தடுப்பின் வழியே சூளை தெரியும் இடத்தைக் கேளுங்கள். வண்டி வந்ததும் கைபேசியைக் கீழே வைத்து, தோலை முதலில் உண்ணுங்கள். சீவித் தந்தவரைப் பாராட்டும்போது, காற்றூதியவரையும் காய வைத்தவரையும் பற்றி இரண்டு வார்த்தை விசாரியுங்கள். செய்தி பின்கட்டுக்குப் போய்ச் சேரும். இனாம் கொடுக்க முயல வேண்டாம், அந்நாட்டில் அது வழக்கமில்லை. இருவர் மட்டும் செல்வதானால் முழு வாத்து மிஞ்சிப் போகும். பல இடங்களில் அரை வாத்தும் தருகிறார்கள்.