பாட்டுப் பெட்டி ஏன் இரைகிறது?

மிக்ஸி இரைந்தால் பிளேடைப் பார்க்கிறோம். ஃபேன் கத்தினால் எண்ணெய் விடச் சொல்கிறோம். பாட்டுப் பெட்டி இரைந்தால் மட்டும், "பழசாயிடுச்சு, வேற வாங்கணும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த இரைச்சலுக்கும் காரணம் உண்டு. அதை வீட்டுப் பெண்களாகிய நாமே கண்டுபிடிக்கவும் முடியும்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். மாமியாருக்கு எண்பது வயது, காது மந்தம். மொபைலிலிருந்து பக்திப் பாட்டை ஆம்ப்ளிஃபயரில் போட்டு ஸ்பீக்கரில் கேட்பார். டி.வி.யும் நன்றாகக் கேட்கட்டுமே என்று என் கணவர் கேபிள் செட்டாப் பாக்ஸையும் அதில் இணைத்துக் கொடுத்தார். அந்த வாரமே 'ம்ம்ம்' என்று வண்டு மாதிரி ரீங்காரம் ஆரம்பித்தது. "பேச்சே புரியலைம்மா, நிறுத்திடு" என்று சொல்லிவிட்டு மாமியார் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது.

"ரயில் லைன் பக்கத்துல வீடு. அந்தக் கரண்டாத்தான் இருக்கும்" என்றார் கணவர். 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்த ஊராயிற்றே! ஆனால் கடைசி வண்டி போய் ஊர் அடங்கிய பிறகும் ரீங்காரம் குறையவில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். "அக்கா, ப்ளக்குல மேல தடியா ஒரு பின் இருக்கு பாருங்க, அதைக் கழட்டிட்டா போதும்" என்று கழற்றியும் காட்டினார். சத்தம் டக்கென்று நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் திக்கென்றது. பெட்டியோ இரும்பு. வீட்டில் நாத்தனாரின் ஒன்பது மாதக் குழந்தை தவழ்ந்து, கண்டதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பருவம்.

"தம்பி, அது எர்த் பின். திரும்ப மாட்டிடுங்க."

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"ஆனா யாருப்பா பதில் சொல்றது? சத்தம் இருந்தாலும் பரவாயில்லை, மாட்டிடுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

உள்ளே ஒரு வயர் நைந்து இரும்பில் பட்டால், அந்தக் கரண்டைப் பூமிக்கு இறக்குவது இந்த எர்த்துதான். அது இல்லாவிட்டால், தொடுகிற ஆளின் உடம்பு வழியாக இறங்கும். கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதேதான்.

பிறகு, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். "அத்தை, நான் சொல்றபடி ஒவ்வொண்ணா செய்யுங்க" என்றான்.

முதலில் வால்யூமைச் சுத்தமாகக் குறைக்க வேண்டும். அப்போதும் இரைந்தால் கோளாறு பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே. கெட்டுப்போன கெப்பாசிட்டராக இருக்கலாம். எங்கள் பெட்டியில் சத்தம் அடங்கிவிட்டது. அப்படியானால் அது வெளியிலிருந்து வருகிறது.

அடுத்து, பின்னால் செருகியிருக்கும் ஆடியோ வயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருக வேண்டும். மொபைல் வயரைச் செருகினேன், அமைதி. செட்டாப் பாக்ஸ் வயரைச் செருகியதும் ரீங்காரம்! பாக்ஸிலிருந்து கேபிள் டி.வி. வயரைக் கழற்றினேன், நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ஆம்ப்ளிஃபயருக்கு நம் வீட்டு எர்த். கேபிள் வயரின் மேல் உறைக்கு வெளியே வேறெங்கோ எர்த். இரண்டும் ஒன்று சேரும்போது சின்னக் கரண்டு வட்டமடிக்கிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறதல்லவா, அந்தத் துடிப்புதான் ரீங்காரமாகக் கேட்கிறது. இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர். பின்னைக் கழற்றினால் வட்டம் அறுந்து சத்தம் நிற்கும். பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும்.

சரியான வைத்தியம், செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆடியோ வயரில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' போடுவது. உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். பாட்டை விடும், அந்தக் கரண்டை விடாது. அண்ணா சாலை பக்கம் ரிச்சி தெருவில் வாங்கி வந்தோம். ரீங்காரம் போயிற்று, எர்த் பின்னும் இருந்த இடத்தில் இருக்கிறது. இப்போது மாமியார் சீரியல் கதையை எனக்கே சொல்கிறார்!

வேறு சத்தங்களுக்கும் குறிப்பு சொல்கிறேன், சகோதரிகளே:

வால்யூம் குமிழைத் திருகும்போது 'கரகர' என்றால் உள்ளே தூசி. மெக்கானிக்கிடம் கொடுத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் தருவார்.

விட்டுவிட்டு 'டிட்-டிட்-டிட்' என்றால் பக்கத்தில் மொபைல் இருக்கிறதா பாருங்கள், தள்ளி வையுங்கள்.

பாட்டு வந்து வந்து போனால் செருகும் முனைகளைக் கவனியுங்கள். கடல் காற்றுக்குப் பச்சைக் களிம்பு பிடிக்கும். பெட்டியை அணைத்து, ப்ளக்கை எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மிருதங்கம், தவில் ஒலிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருக்கலாம்.

பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்டு தங்கியிருக்கும்.

இன்று சமையல் முடிந்ததும் வீட்டிலுள்ள மூன்று பின் ப்ளக்குகளை ஒரு சுற்றுப் பாருங்கள். எதிலாவது தடித்த பின் இல்லாவிட்டால் உடனே மாற்றச் சொல்லுங்கள். சுவரில் இருக்கும் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், அடுத்த நகைச் சீட்டுக்கு முன்னால் அதைப் போட்டுவிடுங்கள்.