நூற்றில் இரண்டு கழித்தேன்

அரசியல் நிருபர் ஒருவன் தன் குற்றத்தைச் சொல்லப்போகிறான் என்றதும் ‘கவர்’ விவகாரம்தான் என்று நினைப்பீர்கள். அது இல்லை. பிரஸ் மீட் முடிந்து கைக்குள் திணிக்கப்படும் கவரை நான் வாங்கியதில்லை. வேட்பாளரிடம் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக அச்சடிக்கும் பழக்கம் 2009 தேர்தலில் நாடு முழுக்க நாறியது. அதை விசாரித்த துணைக்குழுவின் முழு அறிக்கையைப் பிரஸ் கவுன்சிலே வெளியிடாமல் வைத்திருந்தது. மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் 2011இல் அது வெளியே வந்தது. அப்போது காட்டமாக எழுதியவர்களில் நானும் ஒருவன். கை சுத்தம் என்ற கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வம்தான் மற்றதையெல்லாம் மூடி மறைத்தது. கவர் வாங்காதவன் பொய் எழுதமாட்டான் என்று ஆசிரியர் நம்பினார், வாசகர்கள் நம்பினார்கள், போகப்போக நானே நம்பிவிட்டேன்.

செங்கல்பட்டில் பகுதி நேர நிருபராகத்தான் ஆரம்பம். மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து காசு கொடுப்பார்கள். பிறகு சென்னை அலுவலகம், அரசியல் பிரிவு. காலை மின்சார ரயிலில் கொளவாய் ஏரி தாண்டுவதற்குள் நாலு பத்திரிகை முடித்துவிடுவேன். க்ரைம் பார்க்கிறவன் ஸ்டேஷன் வாசலில் கால் கடுக்க நிற்கும்போது நான் தலைவர்களின் பிரசார வேனில் உட்கார்ந்து போனேன். கவர் வேண்டாம் என்றவன் வேனில் ஒரு சீட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேனில் கேட்டதில் பாதி ‘இது எழுத இல்லண்ணே’ என்ற ரகம். எழுதாமல் காப்பாற்றினால்தான் மறுநாளும் சீட்டு.

கூவத்தூருக்கு வருகிறேன். 2017 பிப்ரவரி 5ஆம் தேதி ஓ. பன்னீர்செல்வம் முதல்வர் பதவியிலிருந்து விலகினார். அன்றே சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 7ஆம் தேதி இரவு ஜெயலலிதா நினைவிடத்தில் தியானத்தில் உட்கார்ந்த பன்னீர்செல்வம், சசிகலாவுக்கு எதிராகத் திரும்பினார். மறுநாள் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களைப் பேருந்தில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கூவத்தூர் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். ‘உங்க ஊர்ப் பக்கம்தானே, நீங்களே பாத்துக்குங்க’ என்றார் செய்தி ஆசிரியர். திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் வழியாக வீட்டிலிருந்தே போய் வந்தேன்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், நடுவில் விடுதி. போகிற வழியிலேயே ஆட்கள் நின்று மறித்தார்கள். கடைசி வரை நான் உள்ளே கால் வைக்கவில்லை. ஆனால் உள்ளே யார் முகம் வாடியிருந்தது, யார் யாரிடம் பேசவில்லை, ராத்திரி எந்த அறையில் விளக்கு எரிந்தது என்றெல்லாம் என் பெயர் போட்டுச் செய்தி வந்தது. ‘நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன’ என்ற வரியை வைத்துக்கொண்டு ஒரு நிருபர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அந்த நாட்களின் பேப்பரைப் பார்த்தால் போதும்.

நாடே கேட்ட கேள்வி ஒன்றுதான்: உள்ளே எத்தனை பேர்? சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் 234. ஜெயலலிதாவின் ஆர்.கே. நகர் காலி. மிச்சத்தில் 117 பேர் இருந்தால் ஆட்சி. ஒரு மதியம் காய்கறி இறக்கிவிட்டு வந்த குட்டியானை வண்டியை டீக்கடையில் மடக்கினேன். டிரைவருக்கு அரசியலில் அக்கறையே இல்லை; வாடகை பாக்கியைப் பற்றித்தான் புலம்பினார். கிளம்பும்போது போகிற போக்கில், ‘நூறு இலைக்கு ஆகும்னாங்க சார்’ என்றார். இலைக்கணக்கில் போலீஸ்காரரும் வரலாம், சமையல்காரரும் வரலாம், இரண்டாம் பந்தியும் வரலாம். நான் எதையும் யோசிக்கவில்லை. நூறு என்று போட்டால் குத்துமதிப்பாகத் தெரியும், யாரும் நம்பமாட்டார்கள் என்று இரண்டைக் கழித்தேன். 98.

பக்கத்தில் நின்ற டிவி பையன், ‘அண்ணே, உள்ள எத்தன பேருண்ணே?’ என்று கேட்டான். ‘தொண்ணூத்தெட்டு. என் பேர இழுக்காத’ என்றேன். டீ ஆறுவதற்குள் ஃபிளாஷ் ஓடியது. கொஞ்ச நேரத்தில் செய்தி ஆசிரியர் லைனில் வந்தார். ‘டிவில 98ங்கறான், நம்ம தகவல் என்ன?’ ‘அதேதான் சார், கன்ஃபார்ம்.’ நான் பெற்ற பிள்ளையை நானே அடையாளம் காட்டினேன். மறுநாள் முதல் பக்கத்தில் பெரும்பான்மை இல்லை என்ற தொனியில் தலைப்பு.

மதுரை தெற்கு எம்.எல்.ஏ. சரவணன் மாறுவேடம் போட்டுத் தப்பி வந்ததாகச் சொன்ன பிறகு எனக்கு இன்னும் தெம்பு வந்தது. அப்படியும் நடக்கிற இடத்தில் எதை எழுதினால்தான் என்ன? 14ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சசிகலாவுக்குச் சிறை உறுதியானது. அன்றே எடப்பாடி பழனிசாமியைச் சட்டமன்றக் கட்சித் தலைவராக்கினார்கள். 18ஆம் தேதி, தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்ட அவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், ஆதரவு 122, எதிர்ப்பு 11. என் 98 எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மறுப்பு போடவில்லை, திருத்தமும் போடவில்லை. மாறாக, கூவத்தூரை ‘உள்ளிருந்து’ எழுதியவர் என்று டிவி விவாதங்களுக்குக் கூப்பிட்டார்கள். பெயருக்குக் கீழே ‘மூத்த பத்திரிகையாளர்’ என்று போட்டது அப்போதிலிருந்துதான்.

பார்க்காததை எழுதியது ஒன்று. பார்த்ததை எழுதாதது இன்னொன்று. அதில்தான் எனக்கு வெட்கம் அதிகம். அந்த விடுதிச் சாலையில் குடியிருந்தவர்கள், சொந்த வீட்டுக்குப் போகவே யார் எவர் என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். பால் வாங்கி வந்த ஒரு பெண்மணி என்னையும் விடுதி ஆள் என்று நினைத்துத் திட்டினார். அதில் ஒரு வரிகூட அச்சுக்குப் போகவில்லை. அரசியல் என்றால் மதில் சுவருக்கு உள்ளே இருப்பது என்பது என் முடிவு.

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் சீ ஜின்பிங்கும் மாமல்லபுரம் வந்தார்கள். மோடி வேட்டி கட்டியிருந்ததையும் பஞ்ச ரதத்தில் இருவரும் குடித்த இளநீரையும் பத்தி பத்தியாக எழுதினேன். கடற்கரைக் கோயில் ஓரம் சங்கு, பாசிமணி விற்றவர்களைக் காணோம். மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரியும். ‘லோக்கல் நிருபர் பார்ப்பார்’ என்று விட்டுவிட்டேன். நானே ஒரு காலத்தில் லோக்கல் நிருபர் என்பதை வசதியாக மறந்தேன்.

2021இல் அதே மாமல்லபுரத்தில், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடவில்லை என்று நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர் பேசிய வீடியோ பரவியது. அமைச்சர் சேகர்பாபு அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளியன்று முதல்வர் ஸ்டாலின் அவர்கள் குடியிருந்த பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். இரண்டுமே நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல்வர் கார் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டா நிலத்தில் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு நாளும் போகவில்லை. பூஞ்சேரி என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

இதையெல்லாம் சொல்லாமலே ஓய்வு பெற்றிருப்பேன். போன வருடம் ஒரு ஆய்வு மாணவி போன் செய்தார். 2017 நெருக்கடி பற்றிய ஆய்வேட்டில் என் செய்தியை அடிக்குறிப்பாகப் போட்டிருக்கிறாராம். ‘சார், அந்த 98 எந்த ஆதாரத்துல வந்தது?’ என்று மரியாதையாகத்தான் கேட்டார். ‘தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல முடியாதும்மா, அது தொழில் தர்மம்’ என்றேன். 1978 பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவைக்கூட எடுத்துச் சொன்னேன். செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்கும்படி நிருபரைக் கவுன்சில் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற பிரிவு. வேலை போகும், உயிர் போகும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்ல வருகிறவர்களுக்காக இருக்கிற பாதுகாப்பு அது. இல்லாத ஒரு ஆளை மறைக்க அதை எடுத்தேன். 2017இல் செய்தது அவசரத்தில் செய்த தப்பு என்று சமாளிக்கலாம். போனில் செய்ததற்கு எந்த அவசரமும் இல்லை.

அந்த மாணவி இதைப் படித்தால்: அந்த அடிக்குறிப்பை எடுத்துவிடும்மா. 98 என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.