பரங்கிமலையில் ஒரு புதையல்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்த மறு வாரம், நம் பங்கின் மறைக்கல்விப் பிள்ளைகள் பதினால்வரை அழைத்துக்கொண்டு பரங்கிமலைக்குச் சென்றிருந்தோம். புனித தோமையாரின் பெயரால் விளங்கும் அம்மலை வாசகர்களுக்குப் புதிதன்று. உயரம் ஏறத்தாழ 300 அடி. உச்சியில் 1523-இல் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயம். ஏறிச் செல்ல, 18-ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் கட்டுவித்த படிக்கட்டு. திருப்பயணியாகப் பலமுறை ஏறிய படிகள்தாம். ஆயினும் புதையல் தேடி ஏறியது இதுவே முதல் முறை.

புதையலா என வியக்க வேண்டாம். ‘ஜியோகேஷிங்’ என்னும் விளையாட்டைக் குறித்தே சொல்லுகிறோம். ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் செயற்கைக் கோள்களில் நான்கேனும் நம் கருவிக்கு எட்டினால், நாம் நிற்கும் இடம் இன்னதென்று அது கணித்துவிடும். முன்னாளில், பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை உலகறிய அறிவித்தார். சில நாள்களுக்குள் அதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். இன்றோ உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் உள்ளன. பெட்டிக்குள் பொன்னும் மணியும் இரா. ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கண்டவர் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். சில பெட்டிகளின் இடம் நேராகச் சொல்லப்படுவதில்லை. புதிரை விடுவித்தால்தான் இலக்கங்கள் கிடைக்கும்.

நம் பங்கைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர் அத்தகைய புதிரொன்றை அமைத்திருந்தார். ஆலயத்தாரிடம் இசைவு பெற்று, விடியற்காலையிலேயே பெட்டியை வைத்துவிட்டும் வந்திருந்தார். பிள்ளைகளின் கையில் ஒரு தாள். அதில் ஆறு கணக்குகள். ஒவ்வொன்றின் விடையும் ஓர் இலக்கம். ஆறு இலக்கங்களையும் அளவுகளின் வெற்றிடங்களில் நிரப்பினால் பெட்டி இருக்குமிடம் தெரியும். தாளின் அடியில் ஒரு குறிப்பு: “ஆறையும் கூட்டினால் 34 வரவேண்டும்.”

படியேறி மரநிழலில் அமர்ந்ததும், அம்மலைக்கும் கணக்கிற்கும் உள்ள பழைய உறவை ஆசிரியர் எடுத்துரைத்தார். 1802-இல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் இம்மலையின் அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, ஏழரை மைல் தூரத்தை 100 அடிச் சங்கிலியால் அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாமன்றோ? அந்த ஒரு பக்கத்தை அடியாகக் கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாய் வளர்ந்த அளவை இமயம் வரை சென்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்தவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளத்துக் கணித வல்லுநர். “நீங்கள் பள்ளியில் போடும் கணக்கிற்குப் பயன் ஏது என்று இனிக் கேட்காதீர்கள்!” என்றார் ஆசிரியர்.

கணக்குகளை இருவர் இருவராகப் பகிர்ந்துகொண்டனர். “தந்தையின் வயது மகன் வயதைப்போல் 5 மடங்கு, 9 ஆண்டுகள் கழிந்தபின் 3 மடங்கு, மகனின் இன்றைய வயது யாது?” என்பது ஒன்று. விடை 9 எனச் சிறுவன் ஒருவன் நொடியில் கூறினான். “ஒரு மிகை எண்ணின் வர்க்கத்திலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் 12, அவ்வெண் யாது?” என்பது மற்றொன்று. அது ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பங்கிற்கு வந்தது. வகுப்பில் ஒருமுறை ஐயம் கேட்டு ஏச்சுப் பெற்றவள் அவள்; அன்றுமுதல் கணக்கு வேளையில் வாய் திறப்பதில்லை என்று அவள் அன்னை நம்மிடம் வருந்தியதுண்டு. அவளுக்கு உதவும் எண்ணத்தோடு தாளை வாங்கினோம். குருமடத்தில் கற்ற தர்க்கம் கைகொடுக்கும் என்னும் துணிவு! 12-ஐ 4, 3 எனப் பிரித்தோம், அதுவரை சரியே. எதற்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் குறி என்பதில் வழுக்கினோம். “விடை 3” என எழுதிக் கொடுத்தோம். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. தன் தாளில் ஏதோ அழித்தாள்.

கைப்பேசியில் அளவுகளை இட்டதும் அம்பு தெற்கே, மலைக்குக் கீழே காட்டியது. வெயிலில் இறங்கினோம், சுற்றினோம், புதரும் கல்லுமன்றி வேறொன்றும் காணோம். ஆசிரியரோ வாய் திறவாமல் புன்னகைத்தவாறே நின்றார். அப்போதுதான் ஒருவன் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தான். 33 வந்தது. “ஏதாவது ஓர் இலக்கத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டால் போயிற்று!” என்றான் இன்னொருவன். களைப்பின் மிகுதியால் நாமும் அதற்கு இசைந்திருப்போம்.

“ஃபாதர்...” என்று மெல்லிய குரல் கேட்டது. “3 போட்டுப் பார்த்தால் 9-இலிருந்து 3 போக 6தான் வருகிறது. 4 போட்டால் 16-இலிருந்து 4 போக 12.”

அவள் தாளை வாங்கிப் பார்த்தோம். அழித்த இடத்தில் 4 என்ற தடம் இன்னும் தெரிந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை எனக் கேட்டோம். “நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று...” என இழுத்தாள். அச்சொல் நம்மைச் சுட்டது. அவளை வாயடைக்கச் செய்தவர் எவரோ என முன்பு மனத்துள் குறைகூறியிருந்தோம். ஏச்சின்றியே அதே வேலையை நாமும் செய்திருந்தோம்.

அவ்விலக்கம் அட்சரேகையில் ஒரு கலையின் பத்திலொரு பங்கைக் குறிப்பது. நிலத்தில் அது 185 மீட்டர். ஒரு குறியில் நேர்ந்த பிழைக்கு ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்கள் மீண்டும் மலையேறி விலை கொடுத்தன. பெட்டி, நாம் முதலில் அமர்ந்திருந்த இடத்திலிருந்து சில அடி தூரத்திலேயே, ஒரு கல்லின் மறைவில் இருந்தது!

கட்டுச்சோற்றை உண்ணும்போது லாம்டனின் கதையின் எஞ்சிய பகுதியைக் கேட்டோம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் கோபுரத்தில் ஏற்றுகையில், அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி மோதிப் பழுதுற்றது. அவர் அதை மறைக்கவுமில்லை, பிழையான கருவியால் அளவையைத் தொடரவுமில்லை. கூடாரத்திற்குள் அமர்ந்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே பல வாரங்கள் சிறிது சிறிதாக நேராக்கினார். அதன்பின்னரே அடுத்த கோணத்தை அளந்தார்.

“தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவரின் மலை இது. இங்கே போட்டுப் பார்க்காமல் விடையை நம்பலாமா?” என்று ஆசிரியர் நகைத்தார். பிள்ளைகளும் நகைத்தனர், நாமும் நகைத்தோம்.

பெற்றோரே, விடுமுறையில் உங்கள் பிள்ளைகளோடு இவ்விளையாட்டை ஆடிப் பாருங்கள். வீட்டுத் தோட்டமும் ஒரு சாக்லெட் பெட்டியும் போதும். ஆனால் அடிக்குறிப்பாக ஒரு கூட்டுத்தொகையை எழுத மறவாதீர்கள். அது பிள்ளைகளின் பிழையை மட்டுமன்று, நம் பிழையையும் காட்டும். அதைச் சொல்லும் குரல் சிறியதாயினும், நம் வீட்டில் அதற்கு இடம் இருக்கட்டும்.

குறிப்பேட்டில் அனைவரும் பெயரெழுதினோம். பிறகு கணக்குத் தாளையும் பென்சிலையும் அச்சிறுமியிடமே கொடுத்தோம். நாம் எழுதியிருந்த 3-ஐ அவள் தயங்காமல் அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக 4 என எழுதினாள்.