யார் முதலில்?

2022-ஆம் வருஷம் மே மாதம் நியூ ஜெர்ஸியில் என் தம்பி வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவனுடைய சிநேகிதர்கள் ஒன்பது பேர் வந்து கூடத்தை நிறைத்துவிட்டார்கள். கல்யாணத்தில் சீர் பேசுகிற மாதிரி அவ்வளவு காரசாரம். விசாரித்தால், செப்டம்பரில் ஆரம்பிக்கிற ஒரு விளையாட்டுக்கு யார் முதலில் ஆள் எடுப்பது என்பதுதான் விவகாரம். அந்த விளையாட்டையும் அவர்கள் ஆடப்போவதில்லை!

ஃபான்டஸி ஃபுட்பால் என்று அதற்குப் பெயர். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். அந்த நிஜ ஆட்டக்காரர்களை இவர்கள் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வாரா வாரம் அவன் எத்தனை கஜம் ஓடினான், எத்தனை தடவை எல்லை தாண்டினான் என்று பார்த்து இவர்களுக்குப் புள்ளி. 1962-ல் ஆக்லாண்ட் நகரத்து பில் வின்கன்பாக் என்பவர் சிநேகிதர்களோடு கூடி உண்டாக்கியது. மறு வருஷம் அவர் வீட்டிலேயே முதல் பங்கீடு நடந்தது. ஒருவன் எடுத்த ஆளை இன்னொருவன் தொட முடியாது. ஆகையால் முதலில் எடுப்பவனுக்கு யோகம். அதை ஈடுகட்ட இரண்டாவது சுற்றில் வரிசையைத் திருப்பிவிடுகிறார்கள். பத்தாவது ஆள் 10, 11 இரண்டையும் சேர்த்து எடுப்பான். முதல் ஆள் 20 வரை கொட்டாவி விட வேண்டியதுதான்.

இந்த வரிசையை நிர்ணயிக்க அங்கே செய்கிற யுக்திகள் இருக்கின்றனவே! குளிக்கிற தொட்டியில் ரப்பர் வாத்துகளை மிதக்கவிட்டுப் பந்தயம் வைக்கிறார்கள். புல்வெளியில் குழந்தைகளை ஓடவிடுகிறார்கள். ஜூலை 4-ல் கோனி ஐலண்டில் நடக்கும் ஹாட் டாக் தின்னும் போட்டியில் ஆளுக்கொரு சாப்பாட்டு ராமனை வரித்துக்கொள்வதும் உண்டு.

அன்றைக்குக் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம். 20 குதிரைகள், ஆளுக்கு இரண்டு. எவன் குதிரை முந்துகிறதோ அவன் தனக்கு வேண்டிய இடத்தை முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குதிரைகளைப் பங்கிட? கடைசியில் சீட்டுத்தான்! நடுநிலையான ஆள் எழுதட்டும் என்று ஒருவர் என்னைக் காட்டினார். நானும் உற்சாகமாகப் பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம் அண்ணா, நான் எழுதுகிறேன்" என்றான் தம்பி. சாதாரணமாகத்தான் சொன்னான்.

அப்பா காலமான பிறகு, 2008-ல், எங்கள் வீட்டை இரண்டாகப் பிரித்தோம். வாசல் பக்கம் திண்ணையும் கூடமும். கொல்லைப் பக்கம் சமையலறையும் கிணறும். தெருவைப் பார்த்த பாதிக்கு மதிப்பு அதிகம். மனஸ்தாபம் வேண்டாம், சுவாமி படத்துக்கு முன்னால் திருவுளச் சீட்டுப் போட்டுவிடுங்கள் என்றாள் அம்மா. எழுதினவன் நான். தினசரிக் காலண்டரில் கிழித்த இரண்டு தாள்கள். 'கொல்லை' என்று எழுதியது கறுப்புத் தேதியின் பின்புறம். 'வாசல்' எழுதியது ஞாயிற்றுக்கிழமைத் தாளில், சிவப்புத் தேதி. சிவப்பு வெளியே தெரிகிற மாதிரி மடித்தேன். தங்கையின் நாலு வயதுப் பெண் "பெரிய மாமாவுக்கு" என்று முதலில் எடுத்தது எது என்று சொல்ல வேண்டுமா? கைக்கு அகப்பட்ட தாள் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். கதை எழுதுகிறவனுக்கு இது சிரமமான கதை இல்லை. தம்பி அன்று ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்றே நம்பியிருந்தேன்.

இப்போது அவன் 20 வெள்ளைத் துண்டுகளை அளவு பிசகாமல் கத்தரித்தான். எழுதி, ஒரே மாதிரி மடித்து, தொப்பியில் போட்டுக் குலுக்கினான். அவனுக்கு வந்த இரண்டில் ஒன்று ரிச் ஸ்ட்ரைக். எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு குதிரை விலகியதால் முதல் நாள்தான் பந்தயத்தில் இடம் கிடைத்த குதிரை அது. ஒரு டாலருக்கு 80 டாலர் தருவதாகச் சொன்னாலும் கட்ட ஆள் இல்லை. பந்தயம் இரண்டே நிமிஷம். கடைசி நீட்டத்தில் அந்தக் குதிரை உள்ளோரமாகப் புகுந்து அத்தனையையும் தாண்டி வந்துவிட்டது! கூடமே எழுந்து நின்று கத்தியது.

"எந்த இடம் வேண்டும்?" என்று கேட்டார்கள்.

"பத்தாவது" என்றான் தம்பி.

நான் திகைத்துப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்: "ஒரே மூச்சில் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளலாம், அண்ணா. அதோடு, கொல்லைப் பக்கம் எனக்குப் பழகிப்போய்விட்டது."

நான் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.